ராத்திரி ஓட்ஸ்: ஸ்லோ குக்கரா, ஐஸ்பெட்டியா?

காலையில பசியாறிட்டு வேலைக்கு ஓடணும், ராத்திரியே ஓட்ஸ் தயார் பண்ணி வைக்க ஸ்லோ குக்கர் (மெதுவா வேகவைக்கிற கரண்டு பானை) வாங்கலாமா, ஐஸ்பெட்டியே போதுமான்னு நிறைய பேரு குழம்புறாங்க.

செலவு: ஐஸ்பெட்டிக்கு ரோல்ட் ஓட்ஸ் (தட்டையா நசுக்குனது) போதும், எந்தக் கடையிலயும் கிடைக்கும். குக்கருக்கு ஸ்டீல் கட் ஓட்ஸ் (நசுக்காம துண்டா வெட்டுனது) தான், வெல கூட, ஆனா ரோல்ட் போட்டா விடியறதுக்குள்ள பசையாயிடும்.

வேலை: ஐஸ்பெட்டின்னா சம அளவு பால் ஊத்தி மூடுனா முடிஞ்சது. குக்கர்ல 1 கப்புக்கு 4 கப் தண்ணி, குறைஞ்ச சூட்டுல (லோ) 7, 8 மணி நேரம், ஓரமெல்லாம் காஞ்சு ஒட்டிக்கும், அதனால ஓட்ஸையும் தண்ணியையும் ஒரு கிண்ணத்துல ஊத்தி, குக்கருக்குள்ள சுத்தி தண்ணி விட்டு வைங்க, கழுவ சுலபம்.

ருசி: சூடான ஓட்ஸ்ல குலா மலாக்கா வெல்லம் கரைஞ்சு, மேல கொஞ்சம் தேங்காப்பால், எனக்கு குக்கர் தான்!

வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு குக்கர். எல்ஆர்டி ரயில் புடிச்சு கேஎல் சென்ட்ரலுக்கு ஓடுற தனி ஆளுக்கு ஐஸ்பெட்டி, போத்தலோட தூக்கிட்டு போயிடலாம்.