பினாங்கு நீல மாளிகை: வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரின் லீத் தெருவில் இருக்கிறது நீல மாளிகை எனப்படும் சியோங் ஃபாட் ட்சே மாளிகை. பலரும் நீலச் சுவர் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சீட்டு வாங்கி உள்ளே போங்கள். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பழைய வீட்டை எப்படிப் பழுது பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இனி இந்த வீட்டைத்தான் காட்டுவேன்.

சீனாவிலிருந்து வந்து பெரும் பணக்காரரான சியோங் ஃபாட் ட்சே என்ற ஹக்கா இனக்குழு வணிகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய குடும்ப வீடு இது. 38 அறைகள், 5 முற்றங்கள், 220 சன்னல்கள். 1916இல் அவர் காலமானார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில். விற்கவில்லை, சரி. ஆனால் கவனிக்க ஆளில்லாமல், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் நெருக்கியடிக்க, வீடு சீரழிந்தது. 1989இல் அந்த மகனும் இறந்த பிறகு, கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் இன்னும் சிலரும் சேர்ந்து வாங்கி மீட்டார்கள். எங்கள் பக்கத்தில் பங்காளிகள் ஒத்துவராமல் பூட்டிக் கிடந்து, கடைசியில் தேக்குத் தூணும் நிலைக்கதவும் கழன்று பழம்பொருள் கடைக்குப் போன வீடுகள் எத்தனையோ. அதனால் இந்தக் கதையை வழிகாட்டி சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

நீல நிறத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். அது பெயின்ட் அல்ல. சுண்ணாம்பில் அவுரிச் செடியின் நீலச் சாயம் கலந்து அடித்தது. அந்தக் காலத்தில் அவுரி நம் நாட்டிலிருந்து கப்பலேறி வந்திருக்கிறது. சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிரும். நம்மூரில் புதுப்பிக்கிறேன் என்று பலர் செய்வது இதைத்தான். இங்கே சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் கூரை முகட்டில் உள்ள பூக்களும் பறவைகளும். வண்ணக் கிண்ணங்களை இடுக்கியால் நறுக்கி, சில்லு சில்லாகக் காரையில் பதித்துச் செய்தவை. ஓர் இதழுக்கு ஒரு சில்லு. கிண்ணத்தின் வளைவே இதழின் வளைவு! இதற்கென்றே சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார்களாம். 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்ததில் வியப்பில்லை.

ஸ்காட்லாந்து வார்ப்பிரும்பு, இங்கிலாந்துத் தரை ஓடுகள், வண்ணக் கண்ணாடி எல்லாம் உண்டு. அழகுதான். ஆனால் நடு முற்றத்தில் நேரம் செலவழியுங்கள். கருங்கல் பாவிய தாழ்வான தளம், நாலு பக்கமும் கூரை, மேலே திறந்த வானம்: நம் செட்டிநாட்டு வீடுகளின் உள்முற்றமான வளவேதான். வெயிலில் வந்தவனுக்கு அங்கே நின்றதும் உடம்பு குளிர்ந்தது.

ஒரு பகுதி விடுதியாக நடப்பதால் எல்லா அறைகளையும் பார்க்க முடியாது. எனக்கு அதில் குறையில்லை. இத்தனை பெரிய வீட்டுக்குச் சீட்டுப் பணம் மட்டும் எப்படிக் கட்டுப்படியாகும்? ஓடு மாற்றவும் சுண்ணாம்பு அடிக்கவும் வீடு தானே சம்பாதிக்க வேண்டும்.

பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி இருக்கிற நேரமாகப் போவது நல்லது. சுவரையும் கூரையையும் பற்றி அவரிடம் தயங்காமல் கேளுங்கள். மழை நாளாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். முற்றம் எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்பது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.