1200 லூமென் என்று வாங்கிய கீசெயின் டார்ச்: பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

போனது 900 ரூபாய்தான். அதற்காக அழுது பதிவு போடும் ஆள் நான் இல்லை. ஆனால் அந்த 900 ரூபாய்ப் பொருளால் ஒரு ட்ரெய்லர் லாரி இரண்டு மணி நேரம் கேட்டில் நின்றது, வீட்டில் அம்மாவின் சாவிக்கொத்தில் ஒரு பேட்டரி உப்பிக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வேலை மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். நைட் ஷிப்டில் உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியிலும் கன்டெய்னர் நம்பரையும், கதவைப் பூட்டி வைக்கும் சீலின் நம்பரையும் பார்த்து எழுத வேண்டும். யார்டில் உயரமான விளக்குகள் உண்டு. ஆனால் அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டால் கதவுப் பக்கம் மை இருட்டு. செல்போன் டார்ச் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதே போனில்தான் சீலைப் போட்டோ எடுக்க வேண்டும், இன்னொரு கையில் பேடும் பேனாவும். ஆகவே சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுவதுதான் எங்கள் வழக்கம். இந்தப் பல் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போன புரட்டாசிக் கடைசியில் பழைய டார்ச் தொலைந்துபோனது. மழைக்கு முன் வாங்கிவிடலாம் என்று பாரிமுனைக்குப் போனேன். அம்மாவுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டையில், மூன்றாவது மாடி, படிக்கட்டில் எப்போதும் பல்பு இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் இல்லாத நாட்களில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கி ஏறியதை நினைத்தால் இன்னும் பகீர் என்கிறது.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். கறுப்புப் பெட்டியைப் பிரித்து, டார்ச்சை என் உள்ளங்கையில் அழுத்தி எரியவிட்டார். விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. "பாத்தீங்களா அண்ணே, 1200 லூமென். 800 எம்.ஏ.ஹெச். பேட்டரி. டைப்-சி. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது." லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு, எம்.ஏ.ஹெச். என்பது பேட்டரியின் கொள்ளளவு. ஒன்று 500, இரண்டு எடுத்தால் 900. பில் கேட்டேன். "இதுக்கெல்லாம் பில்லாண்ணே? நான் இங்கதானே இருக்கேன்." சரி என்று ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை: இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

முதல் நாளே ஒரு சின்ன உறுத்தல். என் போன் சார்ஜரில் இரண்டு முனையும் டைப்-சி இருக்கும் கேபிள். அதில் மாட்டினால் டார்ச்சில் ஒரு சிமிட்டல்கூட இல்லை. பெட்டியோடு வந்த குட்டி கேபிளைப் பழைய சார்ஜரில் போட்டால் ஏறுகிறது. கடைக்காரருக்குப் போன் போட்டால், "அது அப்படித்தாண்ணே, சாதா கேபிள்லதான் ஏறும்" என்றார். அப்படித்தான் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டைப்-சி சாக்கெட்டுக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். அவற்றைப் பார்த்த பிறகுதான் டைப்-சி சார்ஜர் கரண்டையே விடும். சில பைசா விலை. அதையும் மிச்சம் பிடித்தவன் உள்ளே வேறு எதையெல்லாம் மிச்சம் பிடித்திருப்பான் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி. நல்ல மழை. வண்டி வந்து நின்று, டார்ச்சைப் போட்டு, கன்டெய்னர் நம்பரை எழுதி முடிப்பதற்குள் வெளிச்சம் பாதியாகிவிட்டது. முழு சார்ஜ் போட்டு வந்தது, மொத்தம் பத்து நிமிடம்கூட எரிந்திருக்காது. சீலைப் பார்க்கிறேன். கதவுத் தாழ்ப்பாளில் மஞ்சள் ப்ளாஸ்டிக் மூடிய பாட்டில் சீல், மேலே மழைத்தண்ணீர் வழிகிறது, எழுத்து தினைப் பருமன். டார்ச் மங்கி, இரண்டு முறை கண்ணடித்து, அணைந்தே போனது. பார்த்தவரைக்கும் எழுதினேன். 8 இருந்த இடத்தில் 3.

கன்டெய்னர் நம்பரில் தப்பு செய்தால் சிஸ்டமே பிடித்துவிடும். நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டம் போட்ட ஒரு எண். அந்தக் கடைசி எண் முன்னால் உள்ளவற்றைக் கணக்குப் போட்டு வருவது, ஓர் எண் மாறினாலும் பொதுவாக ஒத்துவராது. சீல் நம்பருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எழுதியது எழுதியதுதான். வண்டி வெளியே போகும்போது கேட்டில் சீலும் பேப்பரும் ஒத்துப்போகவில்லை. சீல் மாறியிருக்கிறது என்றால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டார்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, சூப்பர்வைசரை எழுப்பி, கடிதம் எழுதித் திருத்தி அனுப்ப இரண்டு மணி நேரம். டிரைவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

அதற்கு மறுவாரம் அம்மா கூப்பிட்டாங்க. "இன்னாடா இது, பூரி மாதிரி உப்பிக்கினு கீது?" ராத்திரி சார்ஜ் போட்டு விட்டுப் படுத்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் டார்ச்சின் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு பொட்டலம் தலையணை போல் பிதுங்கி நிற்கிறது. தொட்டால் கதகதப்பு. நல்லவேளை, வெடிக்கவில்லை. வயரைப் பிடுங்கி, மொட்டைமாடியில் காலிப் பூந்தொட்டி மணலில் கொண்டுபோய் வைத்தேன். இதன் இரட்டைப் பிள்ளையைத்தான் நான் தினமும் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பரிடம் என்னுடையதைக் கொண்டுபோனேன். திறந்தார். சுண்டுவிரலில் பாதி நீளமுள்ள ஒரு பவுச் பேட்டரி, அதாவது பொட்டலம் மாதிரியான பேட்டரி. அதன் மேல் 401230 என்று அச்சடித்திருந்தது. "இது மாடல் நம்பர்னு நினைக்காதீங்க, சைஸ்" என்றார். 4.0 மில்லிமீட்டர் தடிமன், 12 அகலம், 30 நீளம். இந்த அளவில் 100 எம்.ஏ.ஹெச். பக்கம்தான் கொள்ளும். 800 என்பது படியில் மூட்டையை அடைக்கிற கதை. சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று சுத்தமாக இறக்கிவிட்டு, யு.எஸ்.பி. மீட்டர் ஒன்றை நடுவில் மாட்டி சார்ஜ் போட்டார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஏறி முடிந்துவிட்டது. மீட்டர் காட்டியது 104.

அதைவிட முக்கியமான இன்னோர் எண்ணையும் காட்டினார். சார்ஜ் ஏறத் தொடங்கியபோது கரண்ட் 0.42 ஆம்பியர் (420 மில்லி ஆம்பியர்). அதாவது பேட்டரியின் கொள்ளளவைப் போல நான்கு மடங்கு வேகத்தில் ஊட்டுகிறார்கள். இந்த வகை லித்தியம் பேட்டரிக்குக் கொள்ளளவில் பாதியிலிருந்து ஒரு மடங்கு வரைதான் சாதாரணமாகப் பொறுக்கும். பெரிய பேட்டரிக்கான சார்ஜிங் சர்க்யூட்டை அப்படியே குட்டிப் பேட்டரிக்குப் போட்டிருக்கிறார்கள். அம்மாவின் டார்ச் உப்பியதற்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டாம் என்றார்.

லூமெனுக்கு மீட்டர்கூட வேண்டாம், வாய்க்கணக்கே போதும். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும். 1200 லூமென் என்றால் 12 வாட். கட்டைவிரல் அளவு டார்ச்சில் 12 வாட் ஓடினால் சில நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாது. பேட்டரிக் கணக்குப்படியும், 104 எம்.ஏ.ஹெச்.சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 0.4 வாட்-மணிக்கும் கீழே. 12 வாட் இரண்டு நிமிடம் தாங்காது. பெட்டி சொன்ன 800-ஏ உண்மை என்றாலும் கால் மணி நேரம்தான். பெட்டியில் இருக்கும் இரண்டு எண்களை வைத்தே பொய்யைக் கண்டுபிடித்திருக்கலாம். பிளஸ் டூவில் பிசிக்ஸ் படித்தவன் நான். வெட்கம்தான்.

கடைக்குத் திரும்பப் போனேன். உப்பிய டார்ச்சின் போட்டோவைப் பார்த்ததும் அண்ணே என்பது சார் ஆகிவிட்டது. "இந்த ரேட்டுக்கு இதுதான் சார் வரும்." பணம் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் அதே பெட்டியிலிருந்து வேறு இரண்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார். கும்பிடு போட்டேன். கடைசியில் ஓர் இயர்போன் கொடுத்து அனுப்பினார். வலது காது மட்டும் கேட்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமும் கிடையாது. இதெல்லாம் தெரிந்தும் நான் போகவில்லை. என் கையில் இருப்பது ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட். அதில் இருப்பது ஒரு தனி ஆளின் பெயரும் 900 என்ற எண்ணும். என்ன பொருள், எந்தக் கடை, ஒன்றும் இல்லை. துண்டுச் சீட்டில் பொருள் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

இப்போது வைத்திருப்பது வேறு டார்ச், இரண்டு மடங்குக்கு மேல் விலை. பெட்டியில் 300 லூமென் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மோடுக்கும் எத்தனை லூமென், எவ்வளவு நேரம் என்று தனித்தனியாக எழுதி, எஃப்.எல்.1 என்ற அளவுமுறையையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த முறையில் லூமெனை டார்ச் போட்டு 30 நொடி கழிந்த பிறகுதான் அளப்பார்கள். நேரத்தை வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணுவார்கள். ஆகவே ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தால் 300 லூமென் ஒரு மணி நேரம் என்று கனவு காணாதீர்கள். முதல் சில நிமிடம் பிரகாசம், பிறகு சூடு தாங்காமல் தானே இறங்கிவிடும். அது குறை கிடையாது, அப்படி இறங்கத்தான் வேண்டும்.

உண்மையில் என் வேலைக்கு 50 லூமென் தாராளம். பளபளக்கும் சீலில் ஒரு முழம் தள்ளி அதிக வெளிச்சம் அடித்தால் கண் கூசி எழுத்தே மறைந்துவிடுகிறது. நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பொறித்த எண்களின் பள்ளத்தில் நிழல் விழும், 8-உம் 3-உம் தெளிவாகப் பிரியும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அந்த ராத்திரிக்குப் பிறகு நானே கற்றுக்கொண்டது. படிக்கட்டுக்கு அம்மா 5 லூமென் மோடே போதும் என்கிறார்கள். அதனால் வாங்கும்போது மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணைக் கேளுங்கள், ஒருமுறை அழுத்தியதும் அந்த மோடில் எரிகிறதா என்று பாருங்கள். பாக்கெட்டில் தானாக அழுந்தாமல் லாக் போட வழி இருக்கிறதா என்பதும் முக்கியம். இரண்டு முனையும் டைப்-சி உள்ள உங்கள் சொந்த கேபிளையும் பவர்பேங்கையும் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிவப்பு சிமிட்டும் வரை விடாமல் வாரம் ஒருமுறை விழித்திருக்கும்போது சார்ஜ் போடுகிறேன், கட்டில் மேலோ துணி மேலோ வைப்பதில்லை. வெயிலில் நிற்கும் பைக்கில் சாவியோடு விடுவதில்லை. உபயோகமில்லாமல் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள், முழுதாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். நம் பக்கத்துக் கடல் காற்றுக்குச் சார்ஜிங் ஓட்டையில் பச்சை பூத்துவிடும். ரப்பர் மூடியை ஒழுங்காக அழுத்தி, மழையில் நனைந்தால் நன்றாகக் காய்ந்த பிறகே கேபிளைச் செருகுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, குப்பைத்தொட்டியில் போடவும் கூடாது. எலக்ட்ரானிக் கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கடைப் பெயரை ஏன் போடவில்லை என்று சிலர் கேட்பீர்கள். போட்டால் பக்கத்துக் கடையில் போய் அதையே வாங்குவீர்கள். அந்த வரிசையில் நான் எண்ணிய வரை நாலு கடையில் அதே பெட்டி தொங்குகிறது. உள்ளங்கை அகலம், கறுப்பு, மூலையில் மஞ்சள் எழுத்தில் 1200. திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எந்த நாட்டுப் பொருள், எம்.ஆர்.பி. எல்லாம் சட்டப்படி அங்கேதான் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு பார்கோடு மட்டும் இருக்கும்.