ஃப்ளாஸ் நூலும் அந்தக் கடைவாய்ப் பல்லும்

வேலந்தாவளத்தில் இருக்கும் சித்தி மகள் போன வாரம் போனில் கேட்டாள், "அக்கா, ஃப்ளாஸ் நூல் போட்டா கடைவாய்ப் பல் கூசுது. விட்டுடட்டுமா?" பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

ஒன்றரை வருடமாக தினமும் இரவில் பல் இடுக்குகளைச் சுத்தம் செய்ய மெழுகு பூசிய நூல் போடுகிறேன். பலாச்சுளை நாரோ கறித் துணுக்கோ இடுக்கில் தங்குவதில்லை. ஆரம்பத்தில் ஈறில் கசிந்த ரத்தமும் இரண்டு வாரத்தில் நின்றது. அதிலெல்லாம் குறையே இல்லை.

தொல்லை ஒரே இடத்தில்தான். கீழ்வரிசை இடப்பக்கம், கடைசி இரண்டு பற்களுக்கு நடுவே நூல் இறங்கினால் சுளீரென்று காதுவரை ஏறும். வெளியே எடுத்தால் நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கும். நூல் சரியில்லை என்று மூன்று கம்பெனி மாற்றினேன். மூன்றும் அங்கேயேதான் பிரிந்தன. மற்ற இடுக்குகளில் முழுசாக வரும் நூல் ஓரிடத்தில் மட்டும் பிரிந்தால், அங்கே பல்லில் படிந்து இறுகிய காரையோ சொத்தையோ பழைய அடைப்பின் (ஃபில்லிங்) விளிம்போ அதை அறுக்கிறது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசியில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போய்க் காட்டினேன். கூசுது என்றேன். "பல்லு புளிப்புண்டோ?" என்றார் டாக்டர். நமக்குக் கூச்சம், மலையாளத்தில் புளிப்பு. கடித்துப் பிடிக்கும் சின்ன எக்ஸ்ரேயில், பல வருடம் முன்பு அடைத்த இடம் ஈறுப் பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதில் அழுக்கு தங்கித் தங்கி ஈறு இறங்கி, வேர் வெளியே வந்துவிட்டது. வேருக்கு எனாமல் என்ற கடினமான மேல் உறை கிடையாது. மேலே இருக்கும் மெல்லிய பூச்சு தேய்ந்தால் டென்டின் என்ற உள் அடுக்குதான். அதிலுள்ள நுண்ணிய குழாய்கள் உள்ளே நரம்புப் பக்கம் போவதால் நூல் உரசினாலே கூசும். நான் ரம்பம் மாதிரி இழுத்ததும் ஈறைக் கெடுத்திருக்கிறது. பல்லை அணைத்த மாதிரி வளைத்து, மேலும் கீழுமாகத்தான் நூலை ஓட்ட வேண்டுமாம்.

அடைப்பை மாற்றினார்கள். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் நான்கு வாரம் தேய்த்தபின் கூச்சம் அடங்கியது.

சித்தி மகளுக்கும் இதேதான் என்று சொல்ல மாட்டேன். இனிப்புக்கும் கூசினால் சொத்தையாக இருக்கலாம். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது வலித்தால் விரிசலாக இருக்கலாம். எதுவானாலும் பேஸ்ட்டை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, காட்டிவிட வேண்டும்.

நூலை விடாதே என்றுதான் அவளிடம் சொன்னேன். ஆனால் நான் இனி வாங்கப்போவதில்லை. இப்போது அந்த இடுக்கில் கூச்சமே இல்லை, இருந்தும் நூலை விரலில் சுற்றினாலே தாடை இறுகுகிறது. ஈறு இறங்கிய அந்த இடத்துக்குச் சின்ன இடுக்கு பிரஷ் போதும் என்றிருக்கிறார் டாக்டர். மற்ற இடத்துக்கு டப்பாவில் மிச்சமிருக்கும் நூல் தீரும்வரை ஓட்டுவேன்.