கேம் மாறியது, சத்தம் மாறவில்லை

ஊர் வீட்டில் நிற்கும் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கின் இன்ஜின் ஹெட்டில் 'டக் டக்'. பிரித்த கடைக்காரர், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் போச்சு என்றார். சரிதான், அதன் மேடான லோப் முனையில் குழி விழுந்திருந்தது. டொராண்டோவில் இருந்தால் மணிக்கு 100 டாலருக்கு மேல் கூலி கேட்பார்கள் என்று பயந்து, குளிரில் கராஜில் நாமே கழற்றுவோம். இங்கே ஊரிலோ சில நூறு ரூபாய், சாயங்காலமே வண்டி. யார்தான் கொடுக்க மாட்டார்கள்?

சாயங்காலம் வண்டி வந்தது. மறுநாள் சத்தமும் வந்தது.

கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் கை ராக்கர் ஆர்ம். புது கேமின் மேல் பழைய ராக்கர் ஆர்மையே உட்கார வைத்திருக்கிறார்கள். குழி விழுந்த ராக்கர் முகம் புது லோப்பையும் அரித்துவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கேம் ஏன் தேய்ந்தது என்று யாரும் பார்க்கவுமில்லை. ஹெட்டுக்கு ஆயில் சரியாக ஏறாததுதான் பெரும்பாலும் காரணம். வலதுபக்க கிராங்க்கேஸ் மூடிக்குள் ஆயில் சல்லடையும் சுழலும் ஃபில்டரும் இருக்கின்றன. இரண்டிலும் கசடு மண்டும். மூடியைத் திறந்தால் புது கேஸ்கட் போட வேண்டுமே, அதனால் தொடுவதில்லை.

டாப்பெட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி, வைத்த விதம் இன்னும் மோசம். "இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் இல்லையா தம்பி?" என்றால், "அதெல்லாம் எதுக்குண்ணே, கையிலயே தெரியும்" என்கிறார். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அது கைக்கு எப்படித் தெரியும்? இறுக்கமாக வைத்தால் சூட்டில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் போகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். லூசாக வைத்தால் சத்தம்.

கேம் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னெட் சக்கரத்தை இடஞ்சுழியாகத் திருப்பி அதிலுள்ள 'டி' (T) குறியைக் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு ராக்கரும் ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. ஹெட்டின் இடதுபுற வட்ட மூடியைத் திறந்து, செயினை இறுக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, கேமின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை எடுக்குமுன் டைமிங் செயினைக் கம்பியால் கட்டிவிடுங்கள். உள்ளே விழுந்தால் அரைநாள் போச்சு. கேம் பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்து, கரகரத்தால் மாற்றுங்கள். ஆயில் துளைகளில் காற்றடித்து, லோப்பிலும் ராக்கரிலும் ஆயில் தடவிப் பூட்டுங்கள்.

ஸ்ப்ராக்கெட் குறி ஹெட்டின் குறியோடு நேராக வந்தபின், இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் பலம் காட்டாதீர்கள்; டைமிங் தவறி வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். கிக்கரை மிதித்துப் பார்ப்பவர்கள் வால்வை வளைத்துவிட்டு ஹெட் வேலையையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

முன்பெல்லாம் கழற்றிய பார்ட்டைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள், கேட்காமலே. இப்போது கேட்டால் முறைக்கிறார்கள். கடையில்தான் கொடுப்பீர்கள் என்றால், உதிரிபாகக் கடைகள் இருக்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் கேமையும் ராக்கரையும் கம்பெனி பார்ட்டாக நீங்களே வாங்கிக் கொடுங்கள். சல்லடையைக் கழுவும்வரை கூலியை எண்ணாதீர்கள். ஃபீலர் கேஜையும் கையோடு கொண்டு போங்கள்.