மேசைமேல் எந்த அகராதி: லெக்சிகனா, க்ரியாவா?

வீடு மாறியபோது புத்தகங்களுக்கான இடம் பாதியாகிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், பின்னிணைப்போடு சேர்த்து ஏழு தொகுதிகள். அதன் பக்கத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, ஒரே தொகுதி. இரண்டில் ஒன்றுதான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க முடியும். நான் மொழிபெயர்ப்புகளைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். வளர்ந்த பிறகு தமிழ் படிக்க வருபவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் பாடமும் எடுக்கிறேன். அகராதியைப் புரட்டாமல் ஒரு மணி நேரம்கூடப் போகாது. யோசித்து, க்ரியாவை மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

அளவில் இரண்டுக்கும் ஒப்பே கிடையாது. லெக்சிகனின் வேலை 1913இல் சாண்ட்லர் பொறுப்பில் தொடங்கியது. 1926 முதல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும் 1939இல் பின்னிணைப்பும் வந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். க்ரியாவில் இருபதாயிரத்துச் சொச்சம்தான். முதல் பதிப்பு 1992இல், பா. ரா. சுப்பிரமணியன் தலைமை ஆசிரியராக இருந்து வந்தது. பிறகு 2008லும் 2020லும் விரிவாக்கிய பதிப்புகள். இரண்டுமே தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருகின்றன. சங்கப் பாட்டுக்கு உரை தேடுகிறவருக்கு லெக்சிகனை விட்டால் வழியில்லை, அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் எழுதுகிறவருக்கு? அங்கேதான் எனக்கு ஒரே ஒரு விஷயம் முடிவைத் தீர்மானித்தது: எடுத்துக்காட்டு வாக்கியம்.

என்னிடம் படிக்கும் ஒருவர் ஒருமுறை கட்டுரையில் இப்படி எழுதியிருந்தார்: ‘மல்லிகையின் நாற்றம் அறை முழுவதும் பரவியது.’ தப்பாகத் தேடவில்லை. பெரிய அகராதியில் மணம் என்ற பொருளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்று வள்ளுவர் சொல்லும்போது அது மொட்டுக்குள் அடங்கிய நறுமணம்தான். லெக்சிகன் அந்த நறுமணத்தையும் இன்றைய துர்நாற்றத்தையும் ஒரே சொல்லின் கீழ் எண்ணிட்டு அடுக்கிவிடுகிறது. எது எந்தக் காலத்துப் பொருள், எதை இன்று எழுதினால் வாசிப்பவர் முகம் சுளிப்பார் என்பது தமிழிலேயே வளர்ந்தவருக்குத்தான் தெரியும். அகராதியோ தெரியாதவருக்காக இருப்பது. க்ரியாவில் இன்றைக்குப் புழங்கும் பொருளை மட்டும் வைத்து, அது வாக்கியத்தில் எப்படி வரும் என்றும் காட்டிவிடுகிறார்கள். அன்று அவருக்கு நான் பத்து நிமிடம் விளக்கியதை அந்தப் பதிவைப் பார்த்தாலே தெரிந்துகொண்டிருப்பார்.

இது புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டுமான சங்கதி இல்லை. மொழிபெயர்ப்பில் நான் திருத்தும் பிழைகளில் முக்கால்வாசி, பொருள் தெரியாததால் வருவதில்லை. எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும் என்பதில்தான் கால் வழுக்குகிறது. அக்கறையைக் ‘காட்டலாம்’, ‘எடுத்துக்கொள்ளலாம்’, ‘செய்ய’ முடியாது. அக்கறை ஒருவர் ‘மேல்’ வரும், ஒரு விஷயத்‘தில்’ வரும். ‘அவரை அக்கறை’ என்று வராது. ஆங்கில மூலத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு மாலை நாலு மணிக்கு மேல் இதெல்லாம் மங்கிவிடும். அப்போது எனக்கு வேண்டியது ‘அக்கறை: ஈடுபாடு’ என்ற விளக்கம் இல்லை. யாரோ ஒருவர் இயல்பாக எழுதிய ஒரு வரி. அதைப் பார்த்ததும் காது திரும்பவும் சரியாகிவிடுகிறது.

லெக்சிகனிலும் மேற்கோள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஏராளமாக. ஆனால் அவை பொருளுக்குச் சான்று. எழுதிப் பார்க்க மாதிரி அல்ல. இந்த இடத்தில் லெக்சிகனைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொருளுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘பிங்.’, ‘திவா.’, ‘சூடா.’ என்று வருவதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவை பிங்கலந்தை, திவாகரம், சூடாமணி நிகண்டுகள், அதாவது சொற்களையும் அவற்றின் பொருள்களையும் செய்யுளில் தொகுத்துத் தரும் பழைய நூல்கள். ஒரு பொருளுக்கு நிகண்டு மட்டுமே சான்றாக இருந்தால், அந்தச் சொல்லை அந்தப் பொருளில் யாராவது செய்யுளிலோ உரையிலோ உண்மையில் ஆண்டிருக்கிறார்களா என்று இன்னொரு இடத்தில் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. அழகான தனித்தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டது என்று நிகண்டுப் பொருளை எடுத்து இன்றைய கட்டுரையில் போட்டு, வாசகருக்கு ஒன்றும் புரியாமல் போன பிரதிகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று எங்கிருந்து வந்தது என்று இவ்வளவு நேர்மையாகக் காட்டிய உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அந்தக் குறிப்பை நாம் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வினைச்சொல்லைத் தேடுவதிலும் வித்தியாசம் உண்டு. லெக்சிகனில் ‘சேர்-தல்’, ‘சேர்-த்தல்’ என்று தன்வினையும் பிறவினையும் தொழிற்பெயர் வடிவில் தனித்தனியாக நிற்கும், பக்கத்தில் வினை எந்த வகையில் திரியும் என்பதற்கு ஓர் எண். அந்த எண்ணின் பொருள் தெரிந்தவருக்கு அது பொக்கிஷம். க்ரியாவில் ‘நட’ என்று பகுதியைப் போட்டு, ‘நடக்க, நடந்து’ என்று இரண்டு வடிவங்களைப் பக்கத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். என் வகுப்பில் இரண்டாவது முறைக்குத்தான் உடனே கை போகிறது. பேச்சு வழக்கு, உயர் வழக்கு, இலங்கைத் தமிழ் வழக்கு என்ற குறிப்புகளும் அப்படியே. கதையில் ஒரு பாத்திரம் பேசும் வரியா, ஆசிரியர் சொல்லும் வரியா என்று பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்போது அந்தச் சின்னக் குறிப்பு போதும். இலங்கை வழக்குப் பதிவுகள் எவ்வளவு நிறைவானவை என்பதை மட்டும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சு என் காதில் வளர்ந்ததில்லை, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

பாவாணர் தொடங்கிவைத்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலியையும் இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வேர்ச்சொல் தேடுபவர்களுக்கு அது தனி உலகம். நான் அதை நூலகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்ததோடு சரி, தினசரி வேலைக்கு வைத்துப் பார்த்ததில்லை. அதனால் விட்டுவிடுகிறேன். இணையத்தில் பலரும் சேர்ந்து எழுதும் விக்சனரி அகராதியை நானும் திறக்கிறேன்தான், ஆனால் ஒரு பதிவு செம்மையாகவும் அடுத்தது ஒற்றை வரியாகவும் இருக்கும்.

என் முடிவை எளிதாக்கிய இன்னொன்று, லெக்சிகன் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தொகுப்பில் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் பார்க்கலாம். ஏழு தொகுதியில் எதை எடுப்பது என்று அலமாரிக்கு எழுந்து போவதைவிடத் தேடுபெட்டியில் தட்டுவது விரைவு. தலைச்சொல்லை மட்டும் இல்லாமல் விளக்கத்துக்குள்ளும் தேட முடிகிறது; அச்சில் இது நடக்காது. ஒன்றைத்தான் காசு கொடுத்து வாங்க முடியும் என்றால் க்ரியாவை வாங்குங்கள், லெக்சிகனைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய லெக்சிகன் தொகுதிகள் இப்போது படுக்கையறைச் சுவரோரம் இருக்கின்றன. ராத்திரி தூக்கம் வராதபோது ஏதாவது ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு உட்காருவேன். தேடாத சொல்லில் போய் நிற்கும் அந்தச் சுகம் திரையில் கிடைப்பதில்லை.

அப்புறம், எந்தப் பதிப்பு? கையில் 1992 பதிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு செல்பேசி, இணையம் என்று அன்றாடச் சொற்களே எவ்வளவோ வந்துவிட்டன. 2008 பதிப்பு நல்ல நிலையில் இருந்தால் அவசரம் வேண்டாம். எனக்கு அதன் முதுகு விட்டுப்போய், ‘ப’ வரிசைப் பக்கங்கள் தனியாக வர ஆரம்பித்த பிறகுதான் 2020 பதிப்புக்கு மாறினேன். பழையதைக் கட்டடம் செய்து வகுப்பில் வைத்திருக்கிறேன். மல்லிகையைப் பற்றி எழுதியவர்தான் இப்போது அதை அதிகம் புரட்டுகிறார்.