மதுரை வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்குக் கூட்டமீன்: க்ரோமிஸா, கார்டினலா?

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் கூட்டமாக நீந்தும் சின்ன மீன் மேல் ஆசை வந்துவிடும். கேட்டதும் கடைக்காரர் கைகாட்டுவது பச்சை க்ரோமிஸைத்தான். விலை குறைவு, வெளிச்சம் பட்டால் மின்னும், எதைப் போட்டாலும் தின்னும். திருநகரில் என் வீட்டில் இருப்பது நான்கடித் தொட்டி, சுமார் 300 லிட்டர். அதில் முதலில் க்ரோமிஸ் இருந்தது, இப்போது பைஜாமா கார்டினல் இருக்கிறது. இரண்டையும் நெடுநாள் வளர்த்துப் பார்த்த பிறகு என் ஓட்டு கார்டினலுக்கு.

புதிதாக விட்ட க்ரோமிஸைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வேவ்மேக்கர் தள்ளுகிற நீரை எதிர்த்து அத்தனையும் ஒரே திசையில் நிற்கும். ஆனால் கடலில் அவை ஒட்டித் திரிவதே பெரிய மீன் கவ்விவிடும் என்ற பயத்தில்தான். ஆபத்து என்றால் சட்டென்று பவளக் கிளைக்குள் புகுந்துகொள்ளும். நம் தொட்டியில் துரத்த ஆளில்லை. பயம் தெளிந்ததும், யார் பெரியவன் என்ற சண்டை ஆரம்பிக்கும். கடலில் அடிபட்டது விலகிப் போய்விடலாம், கண்ணாடிக்குள் எங்கே போகும்? இருப்பதிலேயே சின்னது மூலைக்கு ஒதுங்கும், வால் கிழியும், தீனிக்கு வராது, ஒருநாள் செத்துக் கிடக்கும். அப்புறம் அதற்கு அடுத்த சின்னதின் முறை. கடைசியில் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சுவது பல வீடுகளில் நடப்பதுதான். அதிகமாக விட்டால் சண்டை குறையும் என்பார்கள். கொஞ்ச காலம் தள்ளிப்போகும், அவ்வளவே.

யூரோனீமா என்ற ஒட்டுண்ணித் தொல்லையும் க்ரோமிஸுக்கு அதிகம். விலாவில் சிவந்த புண் தெரிந்தால் பெரும்பாலும் கைமீறிவிட்டது என்று அர்த்தம். சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பார்சலில் மாட்டுத்தாவணி வந்து இறங்குகிற மீன் ஏற்கெனவே களைத்திருக்கும். அதைச் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்காமல் பெரிய தொட்டிக்குள் விடாதீர்கள். இது எந்த மீனுக்கும் பொருந்தும், க்ரோமிஸுக்கு ரொம்பவே.

பைஜாமா கார்டினலுக்கு முகம் மஞ்சள், இடுப்பில் கறுப்புப் பட்டை, பின்பாதியில் புள்ளிகள், கண் சிவப்பு. ஒன்றையொன்று லேசாக விரட்டும், கொல்லும் அளவுக்குப் போவதைப் பார்த்ததில்லை. குறை ஒன்று உண்டு: பகலில் அசையவே அசையாது. "ஏன்டா, இது உசுரோடதான் இருக்கா?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். இரவில் இரை தேடும் மீன் அது. விளக்கு மங்கியதும்தான் சுறுசுறுப்பு வரும். அந்த நேரத்தில் உறைந்த மைசிஸ் என்ற இறால் போன்ற சின்ன உயிரியைத் தீனியாகப் போடுவேன். பகலில் போட்டால் வேகமான மீன்கள் தட்டிப் பறித்துவிடும்.

பாங்காய் கார்டினல் இதைவிட அழகு. இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சேர்ந்தது. ஆண்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாத்து, குஞ்சுகளைக் கொஞ்ச நாள் அங்கேயே பாதுகாக்கும். ஆனால் ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால் மற்றவற்றை அடித்தே தீர்த்துவிடும். கூட்டத்துக்கு ஆகாது, ஜோடியாக வைக்கலாம். கடலில் அருகிவரும் மீன் என்பதால், தொட்டியில் பிறந்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

நம்மூர் வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசியில் விளக்கும் மோட்டாரும் சேர்ந்து தண்ணீரை 30 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. கூட்டமீன் வைத்திருந்தால் மூச்சுத்திணறல் சீக்கிரம் தெரியும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள் நீர்மட்டத்தில் காற்றுப்படும்படி ஃபேன் வைக்கலாம். மதுரையின் வறண்ட காற்றுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குத் தினமும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி, அடர்த்தியை 1.025 பக்கத்தில் பிடித்து வையுங்கள். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர்பம்ப் அவசியம்.

அடுத்து ஆந்தியாஸ் என்ற இன்னொரு கூட்டமீன் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நிறத்துக்கு ஈடு கிடையாது, உண்மைதான். ஆனால் நாள் முழுக்கக் கொறிக்கிற மீன். தினமும் பல தடவை சிறுகச் சிறுகத் தீனி போடவேண்டும். காலையில் கடை திறக்கப் போய் ராத்திரி வீடு திரும்புகிறவருக்கு அது சரிவராது.