சாகா விதை, பால்மரக் கொட்டை, ரெசின்: சில வருஷம் செஞ்சு போட்டுப் பார்த்த பிறகு

நகை செய்யுற சாமான்ல எது வாங்கலாம், எது வேஸ்ட்டுன்னு அடிக்கடி கேக்குறாங்க, அதான் ஒரேடியா எழுதிடுறேன். நான் இருக்குறது மலேசியாவுல சுங்கை சிப்புட், டவுன்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, ஒரு பக்கம் செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, இன்னொரு பக்கம் மிச்சம் இருக்குற பால்மரம், அதான் ரப்பர் மரம். இங்க கீழ விழுந்து கெடக்குறத பொறுக்கி தோடு, மாலை, கைச்சங்கிலி செஞ்சு சில வருஷமா நானும் போடுறேன், தீபாவளி பஜார்ல விக்கவும் செய்றேன். செஞ்ச அன்னிக்கு எல்லாமே அழகாத்தான் இருக்கும் லா, நம்ம ஊரு வேர்வையிலயும் ஈரத்துலயும் ரெண்டு மழைக்காலம் தாண்டி எது நிக்குதுங்குறதுதான் கேள்வி. என் கணக்குல கொட்டை நிக்குது, பூ நிக்கல, கொக்கிதான் பாதி நகைய கெடுக்குது.

முதல்ல சாகா. ரோட்டோரமா, ஸ்கூல் பக்கமா நிழலுக்கு நட்டிருப்பாங்களே, 1985ல வந்த புரோட்டோன் சாகா காருக்குக்கூட அந்த பேருதான், அந்த மரத்து செவப்பு விதை. ஊர்ல பெரியவங்க இத மஞ்சாடின்னும் ஆனைக்குண்டுமணின்னும் சொல்வாங்க, அந்த காலத்து தட்டான் தராசுல எடைக்கல்லே இதுதான், நாலு விதை சேர்ந்தா ஏறக்குறைய 1 கிராம், அப்படின்னா முப்பத்து ரெண்டு இருந்தா ஒரு பவுன் எடை. நான் முதல்ல செஞ்ச மாலைய இப்பவும் போடுறேன், நிறம் கொஞ்சம்கூட மங்கல, பாலிஷ் வார்னிஷ் ஒண்ணும் போடல. கஷ்டம் என்னன்னா ஓட்டை போடுறதுதான். கல்லு மாதிரி இருக்கும், வழுக்கும், கையில புடிச்சிக்கிட்டு டிரில் பண்ணா விரல் போயிடும், ஒரு பலகைத் துண்டுல சின்ன குழி தோண்டி அதுல விதைய உக்கார வச்சி 1 மில்லிமீட்டர் முனைய போட்டு மெதுவா விட்டு விட்டு இறக்கணும், ஒரே அழுத்தா அழுத்துனா சூடாகி ஓடு கீறிடும். டிரில் பெருசா வேணாம், கையில அடங்குற சார்ஜ் போடுற டிரில் போதும், ஆனா முனை மட்டும் நெறைய வாங்கி வச்சிக்குங்க, அது ஒடஞ்சிக்கிட்டே இருக்கும்.

ஒண்ணு கட்டாயம் சொல்லணும். செவப்புல கறுப்பு கண்ணு இருக்குற குண்டுமணி வேற, சாகா வேற. குண்டுமணிக்குள்ள அப்ரின்னு ஒரு கடுமையான விஷம் இருக்கு. ஓடு முழுசா இருக்குற வரைக்கும் அது உள்ளயே அடங்கி கெடக்கும், ஓட்டை போட்டா தூளோட வெளிய வந்துடும். பார்க்க அழகா இருக்குன்னு அத டிரில் பண்ணாதீங்க, சின்னப் புள்ளைங்க இருக்குற வீட்டுல மாலையா தொங்கவும் விடாதீங்க. ஆன்லைன்ல ரெண்டையும் ஒரே பேர்ல விக்கிறவங்க இருக்காங்க, வாங்குறப்ப படத்த நல்லா பெருசு பண்ணி பாருங்க.

அடுத்து பால்மரக் கொட்டை, எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். சின்ன வயசுல கொட்டைய வச்சி விளையாடாத தோட்டத்துப் புள்ள யாரு இருக்கா, ஆனா அதோட மேல இருக்குற அந்த பழுப்புப் புள்ளி கோலத்த யாரும் உக்காந்து பார்த்திருக்க மாட்டோம். அந்த ஓடு தாய்மரத்தோட பாகம், அதனால ஒரு மரத்துல விழுற கொட்டைக்கு எல்லாம் புள்ளியும் வடிவமும் ஒரே மாதிரி இருக்கும், மரம் என்ன ரகம்னு கொட்டைய பார்த்தே சொல்றவங்க இருக்காங்க. தோடு செய்யுறவங்களுக்கு இது லாட்டரி அடிச்ச கணக்கு, ஏன்னா தோடு ஜோடி சேரணும். காய் வெடிச்சா கொட்டை தூரமா தெறிச்சி போகும், ஆனா ஒரே ரகம் ஒட்டு போட்டு நட்ட காட்டுல எங்க பொறுக்குனாலும் ஜோடி அமைஞ்சிடும். கம்பத்துல, அதான் கிராமத்துல, ஆளுக்கொரு மரமா கண்டபடி வளர்ந்த எடத்துல பொறுக்குனா மரத்துக்கு ஒரு பைன்னு பிரிச்சி எழுதி வச்சிக்கணும். கோலகங்சார்ல 1877ல நட்ட பால்மரம் ஒண்ணு இன்னும் நிக்குதே, அத பார்க்கப் போறப்பல்லாம் என் கண்ணு தரையத்தான் தேடும், தங்கச்சிக்கு மானம் போகும்.

சிக்கல் உள்ள இருக்குற பருப்பு. அதுல எண்ணெய் அதிகம், அப்படியே விட்டா கெட்டுப்போய் நாத்தம் அடிக்கும், பூஞ்சை புடிக்கும். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு கம்பியால குத்தி பருப்ப வெளிய எடுத்துட்டு, மேல் ஓட்ட மட்டும் நல்லா காய வச்சிதான் கோக்கணும். பருப்ப கோழிக்கோ நாய்க்கோ போட்டுடாதீங்க, பச்சையா தின்னா ஆகாது. அதே மாதிரி எந்த விதையா இருந்தாலும் கோக்குறதுக்கு முன்னாடி நல்லா காய வச்சி பைல கட்டி ஃப்ரீசர்ல சில நாள் போட்டு வைங்க, வண்டு முட்டை செத்துடும், இல்லன்னா வித்த மாலையில இருந்து மாவு கொட்டுதுன்னு போன் வரும். எங்கம்மாவுக்கு ஃப்ரீசர்ல மீனுக்கு பக்கத்துல கொட்டைய பார்த்தா இன்னும் கோவம்தான்.

காட்டு ஜெலாய்ன்னு ஒரு புல்லு மணி இருக்கு, கெடைச்சா விட்டுடாதீங்க. ஓடையோரம், அல்லூர், அதான் சாக்கடை ஓரம் புல்லு மாதிரி வளரும், சாம்பல் நெறத்துல பளபளன்னு மணி, நடுவுல இயற்கையாவே ஓட்டை, காம்ப உருவிட்டு ஊசிய விட்டா போதும். டிரில் பயம் இருக்குறவங்க இதுல தொடங்கலாம். செம்பனைக் கொட்டை ஓடு எனக்கு ஒத்து வரல, இப்ப நடுற தெனேரா ரகத்துக்கு ஓடு மெலிசு, ராவும்போதே உடையுது.

இப்ப ரெசின், அதான் ஊத்தி கெட்டியாக்குற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். யூவி ரெசின் சீக்கிரம் காயும், 405 நானோமீட்டர் லைட்டு அடிச்சா சில நிமிஷத்துல கெட்டியாயிடும், ஆனா தடிப்பா ஊத்துனா அடி வரைக்கும் லைட்டு போகாது, மெலிசா அடுக்கடுக்கா ஊத்தணும். பூ வச்சி செஞ்ச டாலர் எல்லாம் செய்யும்போது கொள்ளை அழகு, ஈரம் துளி மிச்சம் இருந்தாலும் பூ உள்ளயே பழுப்பாயிடும், வெயில் பட பட ரெசினும் மஞ்சளாகுது. அலமாரியில வச்சிருந்தது பரவால்ல, தினமும் போட்டது டீ தண்ணி கலருக்கு வந்துடுச்சி. ரெசின்ல நெலச்சது பால்மர இலை நரம்பு மட்டும்தான். பிப்ரவரி மார்ச்ல மரம் இலை கொட்டுமே, அந்த இலைய சலவை சோடா போட்டு கொதிக்க வச்சி பழைய டூத்பிரஷ்ஷால சதைய தேச்சி எடுத்தா வல மாதிரி நரம்பு மட்டும் நிக்கும், அதுல நெறம் மாற ஒண்ணுமே இல்ல. காயாத ரெசின் தோல்ல பட்டா சில பேருக்கு அலர்ஜி ஆகும், ஒரு தடவ ஆயிட்டா அப்புறம் தொடுறப்பல்லாம் அரிக்கும், அதனால கையுறை, ஜன்னல் ரெண்டும் வேணும்.

டிசைன் எங்க இருந்து வருதுன்னு கேப்பாங்க. பின்டரெஸ்ட்ட மூடி வச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு சொந்தமா வந்துச்சி. பால் வெட்டுன பட்டையில சரிவா கோடு கோடா இருக்குமே, அத அப்படியே செம்புக் கம்பியில வளைச்சி தோடா பண்ணேன், வயசான பாட்டிங்க கையில எடுத்து பார்த்த உடனே என்னன்னு கண்டுபுடிச்சிடுறாங்க, ஒரு பாட்டி "வெட்டு ஆழமா போயிருக்கு, கிராணி ஏசுவான்"னாங்க, கிராணின்னா தோட்டத்து கணக்கப்பிள்ளை. செம்பனைப் பழத்துல அந்த ஆரஞ்சும் கறுப்பும் சேருறது, செம்பனை மரத்துல தொத்தி வளர்ற பெரணி இலை சுருள், இதெல்லாம் நடந்து போற வழியிலயே இருக்கு.

கடைசியா கொக்கி. முலாம் பூசுன மலிவு கொக்கி நம்ம ஊரு வேர்வைக்கு சீக்கிரமே கறுத்து காது அரிக்கும், நிக்கல் ஒத்துக்காதவங்களுக்கு புண்ணே ஆயிடும். 925 வெள்ளி நல்லதுதான் ஆனா கறுக்கும், தொடச்சிக்கிட்டே இருக்கணும். செம்பு பச்சையாகும், அதனால கம்பி டிசைன் செம்பா இருந்தாலும் காதுக்குள்ள போறது மட்டும் 316ன்னு சொல்ற துருப்புடிக்காத ஸ்டீல் போடுறேன், இது வரைக்கும் ஒண்ணுகூட திரும்பி வரல. நூலுக்கு பருத்தி வேணாம், பூஞ்சை ஏறும், நைலான் போடுங்க.

வெலை? பால்மரக் கொட்டை தோடு ஜோடி 15 வெள்ளிக்கு, அதான் 15 ரிங்கிட்டுக்கு விக்கிறேன். "கீழ கெடக்குற கொட்டைதானக்கா, இதுக்கா பதினஞ்சு வெள்ளி"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு கைப்பிடி கொட்டைய சும்மாவே குடுத்து நீங்களே செஞ்சி பாருங்கன்னு சொல்லிடுவேன், அதுல சில பேரு அடுத்த தீபாவளிக்கு வந்து வாங்கிட்டு போறாங்க, ஒரு பொண்ணு மட்டும் என்ன விட நல்லாவே செஞ்சி எதிர் கடையில உக்காந்திருக்கு.